நான்கு சதுரப் போத்தல்கள்

வத்தேகம வீதியில், ஒரு மேட்டில் இருந்த பழைய வீட்டுக்கு நாங்கள் வாடகைக்குப் போன முதல் கிழமை அது. குசினிச் சுவரில் உயரத்தில் பதித்திருந்த சின்ன அலுமாரியை, கதிரையில் ஏறித் திறந்தேன். உள்ளே நான்கு கண்ணாடிப் போத்தல்கள். சதுர வடிவம், தடித்த கண்ணாடி, வாயைச் சுற்றிக் கறுப்புச் சாயம். வாயின் ஓரத்தில் ஒரு மூலை மட்டும் மூக்குப் போல வெளியே நீண்டிருந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் கரி அடைத்த ஒரு மண் குவளை. அடியில் வெள்ளை வெள்ளையாக உப்பு.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஊறுகாய்ப் போத்தல்கள்! மூக்கு, கரண்டியைச் சாய்த்து வைப்பதற்கு. கரி, ஈரம் பிடிக்காமல் இருப்பதற்கு.

"ஏங்க, முன்ன இருந்தவங்க நல்லா சாப்பிட்டிருக்காங்க போல" என்று கணவரிடம் காட்டினேன். அவர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். ஃபோனிலிருந்து ஒரு கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்து, "ஆமா, அழகா இருக்கு" என்றார்.

மண் குவளைகளைக் கறிவேப்பிலை மரத்தடியில் போட்டேன். போத்தல்களைக் கொதிநீரில் இரண்டு தரம் கழுவி, வெயிலில் காயவைத்து, தேசிக்காய் ஊறுகாய் போட்டேன். அதில் ஒன்றை, நான் ராத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவுக்குக் கொடுத்தேன். புது வீட்டுக்கு வந்த அன்று எங்களுக்குச் சோறு அனுப்பியவர் அவர்.

அடுத்த மாதம், பழைய ஃபியூஸ் பெட்டியை மாற்றுவதற்கு வயரிங் வேலை செய்யும் பாஸ் ஒருவர் வந்தார். வேலை முடிந்ததும், ஒவ்வொரு அறைச் சுவரிலும் இருந்த பித்தளைப் பொத்தான்களைக் காட்டினேன். நடுவில் வெள்ளையாக ஒரு குமிழ். அமர்த்தினால் உள்ளே போகும், வெளியே வரும், வேறொன்றும் நடக்காது.

அவர் ஒரு பொத்தானைக் கழற்றினார். பின்னால் நூல் சுற்றிய மெல்லிய கம்பி இரண்டு. "இது லைட்டுக்கு உள்ள வயர் இல்லீங்க அக்கா" என்றவர், கம்பி போன வழியே சுவரைத் தட்டிக்கொண்டு குசினிக்கு வந்தார். கம்பி சின்ன அலுமாரிக்குள் போய் நின்றது.

"இதுக்குள்ள என்னங்க இருந்துச்சு?"

"சும்மா, நாலு போத்தல்."

"எங்க அது?"

ஊறுகாய்ப் போத்தல்கள் இருந்த சுவர்த் தட்டைக் காட்டினேன். அவர் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். சிரிக்கலாமா கூடாதா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"அக்கா, இது பேட்டரிங்க."

"எது?"

"ஊறுகா இருக்கே, அதுதான். மடுல்கெல்ல பக்கம் தோட்டத்து பங்களாவுல வேல செஞ்சப்ப பாத்திருக்கேன். பெல் அடிக்கிறதுக்கு நவச்சாரத் தண்ணி ஊத்தி வச்சிருப்பாங்க. அந்த மூக்குல துத்தநாகக் கம்பி நிக்கும். சாப்பிடுற சாமானுக்கு ஆகாதுங்க."

எங்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஊறுகாய் ஊறட்டும் என்று நாங்கள் இன்னும் தொட்டிருக்கவில்லை. செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

"ராத்தா, அந்தப் போத்தல் ஒருக்கா வேணும்."

"அதுவா? கழுவி சீனி போட்டு வெச்சிரிக்கேன். ஊறுகா அண்டைக்கே முடிஞ்ச. அவருக்கு நல்லா புடிச்சிட்டு."

பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"அதுதான் மனிசன் ஒரு மாசமா சுறுசுறுப்பா ஈக்கிறாரு! ஒண்டும் ஆகல்ல, நீங்க பயப்புடாதீங்க தங்கச்சி."

சீனியைக் கொட்டிவிட்டுப் போத்தலைத் தந்தார். வீட்டில் இருந்த மூன்றையும் நான் அன்றே கொட்டிவிட்டேன்.

மாலையில் கணவர் வந்து விஷயத்தைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஒன்பதாம் வகுப்புக்கு நான் படம் போட்டுக் காட்டுறதே இதைத்தான்" என்றார். அன்று இரவு முழுக்க எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மறுநாள் பாஸ் மீண்டும் வந்தார். சுண்ணாம்புக்குள் பாதி புதைந்துபோய், நான் கைத்துணி மாட்டிக்கொண்டிருந்த ஒரு வட்டத் தகட்டைக் குசினிக் கதவோரச் சுவரிலிருந்து சுரண்டி எடுத்தார். அதுதான் பெல். கம்பியில் டோர்ச் பேட்டரி இரண்டை இணைத்ததும் கிணுகிணுவென்று அடித்தது. கணவர் உற்சாகமாக முன்னறைக்கு ஓடிப் பொத்தானை அமர்த்தி, "டீ!" என்று கத்தினார்.

"பாஸ்," என்றேன், "இத மாத்திப் போட ஏலுமா? பொத்தான் இங்க, பெல் அங்க."

"ஏலும் அக்கா. அதே வயர்தானே."

அரை மணித்தியாலத்தில் மாற்றிவிட்டார். இப்போது சாப்பாடு ஆனதும் நான் குசினியிலிருந்து அமர்த்துகிறேன், அவர் வந்து தட்டு எடுத்து வைக்கிறார். கிரிக்கெட் நடக்கும் நாட்களில் மட்டும் இரண்டு தரம் அமர்த்த வேண்டியிருக்கிறது.