மேலண்ணத்தில் ஒட்டிய நற்கருணை

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். என் மருமகள் பார்மசி படித்துவிட்டு, பொம்மசந்திராவில் ஒரு மாத்திரை கம்பெனி லேபில் வேலை செய்கிறாள். அந்தப் படிப்பின் அருமை எனக்குத் தெரிந்தது போன வருடம்தான்.

எனக்கு அடிக்கடி சிறுநீர் முட்டும் உபத்திரவம். ஞாயிறு பூசையில் பிரசங்கம் முடிவதற்குள் இரண்டு தடவை எழுந்து போவேன். டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். ஆண்டவர் கிருபையால் பூசை முழுக்க உட்கார முடிந்தது. ஆனால் நற்கருணை வாங்கினால், ஆண்டவரின் உடலான அந்த அப்பம் நாக்கில் கரையவில்லை. மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பல்லால் கடிக்கக் கூடாதென்று சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தது, இன்றுவரை கடித்ததில்லை. பூசை நாளில் எழுந்ததிலிருந்து நற்கருணை உள்ளே இறங்கும்வரை தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். ஜோகுபாளையத்தில் இருக்கும் வீடு வரைக்கும் வாயைத் திறக்காமலே நடந்து வந்தேன்.

மூன்று ஞாயிறு இப்படி. என் பாவத்தால்தான் ஆண்டவர் எனக்குள் வர மறுக்கிறார் என்று பயந்துபோனேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் மருமகளைத் திட்டியதைக்கூடச் சொல்லிவிட்டேன். நான்காம் ஞாயிறு நற்கருணை வாங்கப் போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் விடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்னைத் திட்டினதுக்கு தண்டனைன்னா, கல்யாணமான மாசமே ஒட்டிகினு இருக்கணுமே அத்தே! நாக்க நீட்டுங்க." பார்த்தாள். மாத்திரை அட்டையையும் பார்த்தாள்.

"எச்சில் சுரப்பியில காலிங் பெல் மாதிரி ஒண்ணு இருக்குது. ரிசெப்டர்னு பேரு. நரம்பு வந்து அடிச்சாதான் எச்சில் ஊறும். மூத்திரப்பையிலயும் அதே மாதிரி பெல்லு. இந்த மாத்திரை அத அடிக்க உடாம மறைச்சுக்கும். வாய்லயும் அதையே பண்ணுது."

"அப்ப நான் பாவி இல்லையா?"

"அது எனக்குத் தெரியாது. வாய் காயறது மாத்திரையால."

மறுநாள் லீவு போட்டு டாக்டரிடம் கூட்டிப்போனாள். கன்னடமும் இங்கிலீஷுமாக அவள் பேசப் பேச டாக்டர் தலையாட்டிக் கேட்டார். வேறொரு ரிசெப்டர் வழியாக மூத்திரப்பையைத் தளர்த்தும் மாத்திரைக்கு மாற்றி எழுதினார். என் வீட்டுப் பெண் பேசுகிறாள், டாக்டர் கேட்கிறார்! எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து நற்கருணை வாங்கினேன். அப்பம் மெதுவாக இளகி, கரைந்து, உள்ளே இறங்கியது. தலை குனிந்து ஜெபிக்க வேண்டிய நேரத்தில் நிமிர்ந்து மருமகளைத் தேடினேன். 'கரைஞ்சிதா?' என்று புருவத்தைத் தூக்கினாள். தலையாட்டினேன்.

வெளியே வந்ததும் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "என் மருமகதான் கண்டுபிடிச்சா" என்று ஆரம்பித்தேன்.

"ஐயோ அத்தே, மூத்திரக் கதைய கோயில் வாசல்ல சொல்லாதீங்க!"

சொல்லாமல் எப்படி இருப்பேன்?