எல்லாக் கையும் உயர்ந்த வகுப்பு

ஐந்தாம் ஆண்டோடு படிப்பை விட்டுத் துறைமுகத்தில் மூட்டை சுமக்கப் போனவன் நான். இன்று சீனன்குடாப் பக்கம் ஓடுகிற கோதுமை மா லொறிகளில் என்னுடையவையும் உண்டு. ஒருவரும் என்னைத் தூக்கிவிடவில்லை, நானாக ஏறினேன். சாம்பல்தீவுக்கு அங்கால் உள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தாங்கி கட்டிக் கொடுத்ததும் நான்தான். அதனால் அங்கே அபிவிருத்திச் சங்கத்தில் என் சொல் எடுபடும். அப்படிப்பட்ட நான் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டி வந்தது, என் மூத்த மகளால்.

அவள் கணித ஆசிரியை. கல்வி வலயத்தில் புதிய ஏற்பாடு ஒன்று கொண்டுவந்தார்கள். கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரி வந்து குறை எழுதிக்கொண்டு போவதை விட்டு, நன்றாகப் படிப்பிக்கும் ஆசிரியர்களையே மற்றவர்களின் வகுப்பில் கூட இருந்து கைகொடுக்க விடுவது. கணிதத்துக்கு என் மகளை எடுத்து அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். வேறு யாரை எடுப்பார்கள்? ஆனால் ஒருவரையும் கட்டாயப்படுத்த ஏலாது. ஆசிரியர் தானாக அவளை வகுப்புக்குள் விட வேண்டும். தவணை முடிவதற்குள் ஒருவரும் விடாவிட்டால் அவளைத் திருப்பி எடுத்துவிடுவார்கள்.

அங்கே கணிதத்துக்கு மூத்தவர் ஒருவர். ஓய்வுக்குக் கிட்டியவர், என் மகளுக்கே படிப்பித்தவர். மற்ற ஆசிரியர்கள் அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் எதையும் செய்வார்கள். ஆசிரியர் அறையில் அவர் சொன்ன கதை எனக்கு எட்டியது.

"என்ர கையால அடி வாங்கினது, எனக்குப் படிப்பிக்க வருகுதாம்."

பள்ளிக்கூட அதிபரோடு கதைக்கிறேன் என்று வெளிக்கிட்டேன். மகள் மறித்தாள். நான் ஒரு சொல் சொன்னாலும் தான் இந்த வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னாள். செய்யக்கூடியவள்தான். அந்தக் குணம் என்னுடையது.

கடைசியில் அதிபரின் கரைச்சல் தாங்காமல், ஒரு பாடத்துக்கு மட்டும் அவளை விட அந்த மூத்தவர் இசைந்தார். சங்கத்து ஆள் என்று நானும் போய் வகுப்பின் கடைசி வாங்கில் இருந்தேன். ஆறாம் ஆண்டு, பின்னக் கணக்கு. அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் எல்லாக் கையும் உயர்ந்தது. எழுப்பின பிள்ளை ஒன்றாவது பிழை விடவில்லை. அதிபர் வாசலில் நின்று பூரித்துப்போனார்.

நான் கைகளைப் பார்த்தேன். பாதிப் பிள்ளைகள் தூக்கியது இடக்கை. கந்தோர் ஆட்கள் வரும் நாளில் எங்கள் பக்கத்தில் இது பழைய வழக்கம். விடை தெரிந்தவன் வலக்கை, தெரியாதவன் இடக்கை. வாத்தியார் வலக்கையை மட்டும்தான் கேட்பார். அந்த நாளில் இடக்கை தூக்கியே தோள் நொந்தவன் நான், எனக்குத் தெரியாதா? மகளுக்கும் விளங்கியிருந்தது. அதிபரிடம் அவள் ஒரு சொல் சொன்னால் அந்த மனுசனின் மானம் போகும், பிறகு எந்த வகுப்புக்குள்ளும் அவளை விடமாட்டார்கள். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் அப்படியே இருக்கும்.

மகள் அதிபரிடம், பிள்ளைகள் நல்ல ஒழுங்கு என்றாள். அதிபர் போகும்வரை நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"சேர், இடக்கைப் பிள்ளையளை நாளைக்கு எனக்குத் தாங்கோ."

அவர் முகம் கறுத்தது. "அப்ப கந்தோருக்கு எழுதப் போறாய்."

"எழுத வரேல்ல சேர். இவையளுக்கு எப்பிடி விளங்கப்படுத்திறதெண்டு எனக்கும் வடிவாத் தெரியாது. நான் படிப்பிக்கிறன், நீங்கள் பின்னால இருந்து பிழையைச் சொல்லுங்கோ."

எனக்குக் கோபம் பொங்கியது. தெரியாது என்று எவனிடமும் சொல்லாமல்தான் நான் இந்த நிலைக்கு வந்தவன். ஆனாலும் வாய் திறக்கவில்லை.

அடுத்த நாள் அவர் அந்தப் பிள்ளைகளை விட்டார், நானும் போயிருந்தேன். அவள் கடதாசியை வெட்டி வெட்டிக் காட்டினாள். ஒரு பெண்பிள்ளை மசியவில்லை. நாலைவிட எட்டுப் பெரிசு, அதனால் நாலில் ஒன்றைவிட எட்டில் ஒன்றுதான் பெரிசு என்று ஒரே பிடி. மகள் திரும்பவும் விளக்கினாள், வேறு விதமாகவும் விளக்கினாள். பிள்ளை இல்லையென்று தலையைத்தான் ஆட்டியது. ஜன்னலடியில் இளம் ஆசிரியர்கள் கூடி நின்று சிரித்தார்கள். ஒருவர், ஆலோசனை சொல்ல வந்தவவுக்கு ஆலோசனை தேவையாம் என்றார். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு இருந்த பெரியவர் அசையவில்லை. இதோடு சரி என்று நினைத்தேன்.

அப்போதுதான் அவர் எழும்பினார்.

"பிள்ளை, உங்கட அப்பான்ர தோணியில நாலு பேர் போனா ஒராளுக்கு மீன் கூடக் கிடைக்குமோ, எட்டுப் பேர் போனாலோ?"

"நாலு பேர் போனாத்தான் சேர்."

அந்தப் பிள்ளை சொல்லிவிட்டுக் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தது. மகள் உடனே வெண்கட்டியை அதன் கையில் கொடுத்தாள். இது தனக்கு மூளையில் ஓடவில்லை என்று அவரிடம் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். அதன்பிறகு அவள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கமாக, வாங்கு வாங்காகக் குனிந்து நின்றார்கள். மணி அடித்தும் விடவில்லை.

வெளியே வரும்போது அவர் ஜன்னலடியில் நின்றவர்களைப் பார்த்தார்.

"என்ன பகிடி உங்களுக்கு? வியாழக்கிழமை இவ என்ர வகுப்புக்கு வாறா. பிறகு உங்கட வகுப்புகளுக்கு."

சிரிப்பு நின்றது. அவர் என் மகள் பக்கம் திரும்பினார்.

"அண்டைக்கு வகுப்பு உள்ளபடிதான் இருக்கும். பார்த்துப் பயப்பிடாதை."

"ஓம் சேர்" என்றாள்.