இடாப்பில் இல்லாத பெயர்

நான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன ஒரு மனிதன்மேல் எனக்கு ஆறு வருடமாகப் பொறாமை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும். டென்மார்க்கின் ஓகூஸ் நகரத்தில் படிக்கிற மகளிடம் ஒருநாள் தொலைபேசியில் புலம்பினேன். "அப்பா, அவர் செத்துவிட்டாரே" என்று டேனிஷில் சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதுதான் பிரச்சினையே. உயிரோடு இருக்கிறவனுக்கு வயது போகும், வயிறு தள்ளி வண்டி வைக்கும், குறட்டை விடுவான். செத்தவனுக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை.

அவன் ஒரு நடிகன். கறுப்பு வெள்ளைக் காலத்து ஆங்கிலப் படங்களில் நடித்தவன். என் மனைவி ஹொல்ஸ்டெப்ரோவில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். அங்கே இருந்த ஒரு டேனிஷ் அம்மாவின் அறையில் அவனுடைய படங்கள்தான் எந்நேரமும் ஓடும். அந்த அம்மா இறந்தபோது அவருடைய மகன் ஒரு பெட்டி நிறைய டிவிடிக்களை என் மனைவியிடம் கொடுத்துவிட்டார். அந்தப் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தவன் நான். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதைதான்.

படம் பார்ப்பதோடு நின்றிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். இணையத்தில் அவனுக்கு ஓர் இரசிகர் குழு இருந்தது. பல நாட்டுக்காரர்கள், பாதிப்பேர் ஓய்வூதியம் எடுக்கிறவர்கள். அவன் நடித்த படங்களைப்பற்றி எழுத வேண்டியதையெல்லாம் எழுதித் தீர்த்துவிட்டு, அவனுடைய பள்ளிக்கூடக் காலத்தில் வந்து நின்றார்கள். ஒன்பது வயதிலிருந்து இங்கிலாந்தில் பேர்போன ஒரு விடுதிப் பள்ளியில் படித்ததாக அவன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறான். அந்தப் பள்ளியின் கழுத்துப்பட்டியோடு ஒரு படம்கூட இருக்கிறது. ஆனால் யாரோ போய்ப் பார்த்தால், பள்ளியின் சேர்வு இடாப்பில், அதுதான் மாணவர் பெயர்ப் பதிவேட்டில், அவன் பெயர் இல்லை. அப்படியென்றால் அந்த வருடங்களில் அவன் எங்கே இருந்தான்? குழுவுக்குள் பெரிய சண்டை. கடைசியில் வருடங்களைப் பிரித்துக்கொண்டு தேடத் தொடங்கினார்கள். அவனுடைய ஒன்பதிலிருந்து பதினொரு வயது வரை என் மனைவியின் பங்குக்கு வந்தது.

அதற்கென்று ஒரு பச்சைக் குறிப்பேடு வாங்கினாள். ஒரு பள்ளித் தவணைக்கு ஒரு பக்கம். பள்ளிக்கூடம், வகுப்பு, ஆசிரியர், பக்கத்தில் இருந்தவர், வந்த நோய் வருத்தங்கள், ஆதாரம் என்று கோடு கீறி வைத்தாள். பெரும்பாலான கட்டங்கள் வெறுமையாகத்தான் கிடந்தன. ஆனால் நிரம்பிய ஒவ்வொரு கட்டத்தையும் சாப்பாட்டு மேசையில் நான் கேட்க வேண்டியிருந்தது.

"பாவம், பத்து வயசில அவனுக்குச் சின்னமுத்துக் காய்ச்சலாம், ஒரு பேட்டியில சொல்லியிருக்கிறான். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குப் போகேல்லை" என்றாள் ஒருநாள், எனக்குச் சோறு போட்டுக்கொண்டு.

"எனக்கும் சின்னமுத்து வந்தது" என்றேன்.

"எல்லாருக்கும் வாறதுதானே" என்று சொல்லிவிட்டு பருப்புக் கறியை என் பக்கம் தள்ளினாள்.

இருபத்துநாலு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் எந்த வாங்குப் பலகையில் இருந்து படித்தேன், யார் எனக்கு அடித்தார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு வெள்ளைக்காரப் பொடியனின் சின்னமுத்துவுக்கு இவள் கண் கலங்குகிறாள்.

உண்மையைச் சொன்னால், அவள் கேட்காதது எனக்கு வசதியாகவும் இருந்தது. ஏனென்றால் கலியாணம் பேசுகிற காலத்தில், தொலைபேசியில், அவள் ஒருமுறை கேட்டாள். "எங்க படிச்சனீங்கள்?" யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் தெரிந்த அந்தப் பெரிய கல்லூரியின் பெயரைச் சொன்னேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் என்பார்கள். நான் ஒன்றுதான் சொன்னேன்.

அந்தக் கல்லூரியில் படித்தவர் என் அண்ணை. அனுமதிச் சோதனையில் அவர் பாஸ்பண்ணினார். இரண்டு வருடம் கழித்து நான் எழுதி, தவறிவிட்டேன். அவர் விடுதிக்குப் போனார், நான் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், அவருக்குக் கட்டையாகிப்போன காற்சட்டைகளைப் போட்டுக்கொண்டு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர் வருவார். எந்த மாஸ்டர் எப்படி அடிப்பார், விடுதியில் என்ன சாப்பாடு, கல்லூரிக் கீதம் எப்படிப் போகும் என்று ஒன்று விடாமல் சொல்லுவார். நான் எரிந்து எரிந்து ஒன்று விடாமல் கேட்டேன். பொறாமைக்காரனைப்போல் கவனமாகக் கேட்கிறவன் உலகத்தில் இல்லை.

பிறகு அண்ணை டென்மார்க்குக்கு வந்தார், நானும் வந்தேன். அவர் இருந்தது பிரெடெரிசியாவில். அங்கே அந்தக் கல்லூரியின் பழைய மாணவர்கள் வருடத்துக்கு ஒருமுறை மண்டபம் எடுத்து இராச் சாப்பாடு வைப்பார்கள். நான் வந்த வருடமே அண்ணை என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் நின்ற செயலாளர், "தம்பி எந்த வருசம்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன் அண்ணை சொன்னார்: "எனக்கு ரெண்டு வகுப்புக் கீழ." அவ்வளவுதான். எனக்கும் ஒரு கழுத்துப்பட்டி கிடைத்தது. ஊரில் இடாப்புகளெல்லாம் யுத்தத்துக்குள் எங்கே போயினவென்று யாருக்குத் தெரியும்? அண்ணையின் வகுப்புக்காரர் எல்லாரும் கனடாவிலும் லண்டனிலும் இருந்தார்கள். அதனால் மேசையின் தொங்கல் முனையில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிடுவோம். கீதம் பாடும்போது எனக்கு அண்ணையைவிட வடிவாக வரும். அந்தப் பொய்யை அவர் எனக்குப் போட்ட பிச்சை என்றுதான் நான் எப்போதும் நினைத்தேன். அதற்கும் அவர்மேல் எரிச்சல்.

போன வருடம் இலையுதிர்காலத்தில், அந்த நடிகன் பிறந்த துறைமுகப் பட்டினத்துச் சின்னப் பள்ளிக்கூடங்களின் பழைய இடாப்புகளை யாரோ பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் குழுவுக்கு அனுப்பினார்கள். ஆளுக்கு நாற்பது பக்கம். முதியோர் இல்லத்தில் கூட வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் காய்ச்சல், வருத்தம் என்று வராமல் நின்றுவிட, என் மனைவிக்கு அந்தக் கிழமை ஏழு நாளும் இரட்டை வேலை.

"நீங்கள் கொஞ்சம் பாருங்கோவன்" என்றாள்.

பார்த்தேன். உதவி செய்கிற மனதோடு அல்ல. அவன் பெயர் அந்த ஏழைப் பள்ளிக்கூடங்களில் ஒன்றில் கிடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் பார்த்தேன். ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து, தேத்தண்ணியை வைத்துக்கொண்டு, சரிவான எழுத்தில் ஒவ்வொரு பெயராக வாசித்தேன். மூன்றாம் நாள், முப்பத்தோராம் பக்கத்தில் அவன் இருந்தான். பெயர் சரி, பிறந்த திகதி சரி, வீட்டு விலாசமும் சரி. தகப்பன் தொழில்: கப்பலில் கரி அள்ளுதல். பதின்மூன்று வயது வரை அங்கேதான் படித்திருக்கிறான். குறிப்பு என்ற இடத்தில், காலுக்குச் சப்பாத்து இல்லாததால் இரண்டு கிழமை வரவில்லை என்று எழுதியிருந்தது.

எனக்குச் சந்தோசம் தாங்க முடியவில்லை. அவள் வேலையால் வந்து, மழைக் கோட்டைக் கழற்ற முதலே மேசைக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுடைய முகம் விழுவதைப் பார்க்க ஆயத்தமாக இருந்தேன்.

அவள் கிட்டக் குனிந்து வாசித்தாள். அந்தப் பெயருக்குமேல் விரலை வைத்தாள். "ஐயோ, என்ர குஞ்சு" என்றாள், மகளைச் சின்ன வயதில் கொஞ்சிய அதே குரலில். கண்ணீர் வழிந்தது.

"உம்மட ஆள் பொய் சொல்லியிருக்கிறார்" என்றேன்.

"சின்னப் பிள்ளை. வெக்கப்பட்டிருக்கும்."

"பொய் சொல்லேக்க அவருக்கு நாற்பது வயசு."

"வெக்கத்துக்கு வயசு இருக்கோ?" என்று கேட்டுக்கொண்டு மூக்கைத் துடைத்தாள்.

குழுவிலும் அப்படித்தான். ஒருவருக்கும் கோபம் வரவில்லை. 'கண்டுபிடித்தவர் என் கணவர்' என்று அவள் எழுதியிருந்தாள். எனக்கு நாலைந்து பேர் நன்றி சொன்னார்கள். மற்ற எல்லாரும் அவனுக்காக அழுதார்கள். சப்பாத்து இல்லாத அந்தப் பொடியன் எவ்வளவு பாடுபட்டு அந்தக் கழுத்துப்பட்டியைக் கட்டியிருப்பான் என்று ஒரு கிழவர் நீளமாக எழுதினார். நான் சொன்ன அதே பொய். அவனுக்கு அது மாலையாக விழுந்தது.

அன்றிலிருந்து என் பொறாமைக்குள் ஒரு நப்பாசை புகுந்துகொண்டது. யாரோ ஒருவனுக்கு இவ்வளவு இரங்குகிறவள், தாலி கட்டியவனுக்கு இரங்க மாட்டாளா? எனக்கும் அந்த 'என்ர குஞ்சு' என்ற கொஞ்சல் வேண்டியிருந்தது. ஐம்பத்தைந்து வயதில் இப்படி ஓர் ஆசை வந்ததை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பழைய மாணவர் சாப்பாட்டுக்கு இரண்டு கிழமை இருந்தது. அவள் என் சேட்டுக்கு அயர்ன் பண்ணிக்கொண்டு நின்றாள். கழுத்துப்பட்டி கதிரையின் முதுகில் தொங்கியது. நான் சொன்னேன். சோதனையில் தவறியது, சின்னப் பள்ளிக்கூடம், அண்ணை வாசலில் சொன்னது, தொலைபேசியில் நான் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு நின்றேன்.

அவள் அயர்ன் பெட்டியை நிறுத்தி வைத்தாள். அழவில்லை.

"சின்னப் பள்ளிக்கூடத்தில படிச்சது எனக்கு ஒண்டுமில்லை" என்றாள்.

"அப்ப அவனுக்கு மட்டும் அழுதீர்?"

"அவன் பேப்பர்க்காரருக்குப் பொய் சொன்னவன். எனக்குச் சொல்லேல்லை. நீங்கள் எனக்குச் சொன்னனீங்கள்."

ஒரு கிழமை முழுக்க சோறு வந்தது, தேத்தண்ணி வந்தது, பேச்சு வரவில்லை. அந்த நடிகனின் சின்னமுத்துவைப்பற்றியாவது ஏதாவது சொல்ல மாட்டாளா என்று இருந்தது எனக்கு. ஆறு வருடத்தில் முதல்முறையாக அந்த வீட்டில் அவனும் இல்லை, நானும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பச்சைக் குறிப்பேட்டோடு வந்து எனக்கு முன்னால் இருந்தாள். கடைசிப் பக்கத்தைத் திறந்து கோடு கீறினாள். அதே கட்டங்கள்.

"சொல்லுங்கோ" என்றாள். "பள்ளிக்கூடம்?"

சொன்னேன். வகுப்பைக் கேட்டாள், ஆசிரியரைக் கேட்டாள். கட்டைக் காற்சட்டையைச் சொன்னபோது ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தாள். இரங்கினாளா என்று தெரியவில்லை.

"சப்பாத்து இருந்ததோ?"

"இல்லை. அங்க ஒருத்தருக்கும் இல்லை."

"அப்ப அதுக்கு அழ ஏலாது" என்று எழுதிக்கொண்டாள். வாயோரம் கொஞ்சம் இளகியது போலிருந்தது. "பக்கத்தில இருந்தது ஆர்?"

யோசித்துப் பார்த்தேன். அண்ணையின் விடுதியில் யார் எந்தக் கட்டிலில் படுத்தார்கள் என்று இன்றைக்கும் சொல்லுவேன். எனக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக இருந்தவனின் முகம் வரவில்லை. நான் அங்கே இருந்துகொண்டு அங்கே இருக்கவேயில்லை. தெரியாது என்றேன். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டாள்.

"ஆதாரம்?"

"நான்தான்."

"ஒரு ஆளின்ர சொல்லை மட்டும் வைச்சு எழுதேலாது. அதுவும் இந்த ஆளின்ர." கைத்தொலைபேசியை எடுத்து அண்ணைக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

"அத்தான், இவர் எந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சவர்?"

அண்ணை ஒரு கணமும் தயங்கவில்லை. "இதென்ன பிள்ளை கேள்வி? என்ர கொலிஜ்தான். எனக்கு ரெண்டு வகுப்புக் கீழ."

அவள் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். முப்பது வருடத்துக்கு முன் வாசலில் நின்று சொன்ன அதே குரல், அதே வேகம். கேட்டது யார், எதற்குக் கேட்டது என்றுகூட அவர் யோசிக்கவில்லை.

"அண்ணை, நான் சொல்லிப்போட்டன்" என்றேன்.

அண்ணையின் வீட்டிலிருந்து தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணி செத்துப்போன பிறகு அவர் அதை நிறுத்துவதில்லை.

"எல்லாத்தையுமோ?"

"ஓம்."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"அப்ப வாற சனிக்கிழமை" என்றார் அண்ணை, "எனக்குப் பக்கத்தில ஆர் இருக்கிறது?"

என் மனைவி குறிப்பேட்டை இழுத்து, பக்கத்தில் இருந்தவர் என்று வெறுமையாக விட்ட கட்டத்தில் அண்ணையின் பெயரை எழுதினாள்.