அப்பாவின் தொண்ணூறாவது நாள்

அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடித்தது அம்மாதான். முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலைக்கு எங்கள் பக்கத்தில் அண்டி ஆபீஸ் என்று பேர். அங்கே அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தோலுரிக்கும் ஒரு அக்காவின் தம்பி, மார்த்தாண்டத்தில் நடக்கும் ஏதோ கூட்டத்துக்குப் போய்க் குடியை விட்டிருந்தான். அதற்கு முன்பே அப்பாவின் குடியை நிறுத்த அம்மா எல்லாம் செய்து பார்த்திருந்தாள். சபையில் உபவாச ஜெபம், சாப்பாட்டில் கலக்கச் சொன்ன ஒரு பொடி, கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனது. எதுவும் பலிக்கவில்லை. நம்பிக்கையால் அல்ல, அலுத்துப்போய்த்தான் அப்பாவை அங்கே அனுப்பினாள் என்று இப்போது தோன்றுகிறது.

அப்பா கொத்தனார். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு. புதுக்கடையில் பஸ் மாற வேண்டும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் பிராந்திக்கடை. அதனால் பத்து வயதுச் சிறுமியான என்னைக் காவலுக்கு அனுப்பினாள்.

"அப்பாக்க கைய விடப்பிடாது மக்கா. நேரா போகணும், நேரா வரணும்."

திரும்பி வந்ததும் அப்பாவிடம் எதுவும் கேட்க மாட்டாள். என்னிடம்தான் கேட்பாள். "நேரா போனியளா?"

கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்தில், ஐந்தாம் வகுப்பு அறையில் நடந்தது. மீசை வைத்த ஆட்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு பிள்ளைகளின் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவராக எழுந்து பேரைச் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்று சொல்வார்கள். மற்றவர்கள் வணக்கம் சொல்வார்கள். பிறகு மனைவியின் தாலியை விற்ற கதை, ஓடையில் கிடந்த கதை. நான் கடைசி பெஞ்சில் பால் ஊற்றாத கட்டன் சாயாவில் பிஸ்கட்டை முக்கித் தின்றுகொண்டு கேட்பேன். தொடர்ந்து தொண்ணூறு நாள் குடிக்காதவருக்கு அங்கே ஒரு பதக்கம் கொடுத்துக் கேக் வெட்டுவார்கள். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் எதற்கும் பதக்கம் வாங்கியதில்லை. நான் நாட்காட்டியில் எண்ணத் தொடங்கினேன்.

அறுபத்தொன்பதாவது நாள் புதுக்கடையில் அப்பா என்னை ஒரு சாயாக்கடையில் உட்கார்த்தி, கையில் சுடச்சுட ஒரு வாழைப்பழப் பஜ்ஜியை, பழம்பொரியைக் கொடுத்தார். "இப்ப வந்திருவேன்." வரும்போது ஏலக்காய் மென்றுகொண்டு வந்தார். அன்று நாங்கள் கூட்டத்துக்குப் போகவில்லை. கூட்டம் முடியும் நேரம் வரை பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினோம்.

"அம்மைக்கிட்ட சொல்லாண்டாம், என்னா?"

சொல்லவில்லை. நேராகப் போனோம், நேராக வந்தோம் என்றேன். எனக்கு அது கஷ்டமாகவும் இல்லை. குடித்துக் கிடக்கும் நாட்களில் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று அவர் வேலை செய்யும் வீடுகளில் போய்ச் சொல்லி எனக்கு நல்ல பழக்கம் இருந்தது. சொல்லிக்கொடுத்தவள் அம்மா.

தொண்ணூறாவது நாளும் ஞாயிறாகவே வந்தது. மேசைமேல் கேக் இருந்தது. கூட்டத்தை நடத்தும் மாமா அப்பாவின் பேரைக் கூப்பிட்டார். அப்பா எழுந்தார். மாமா நீட்டிய பதக்கத்தை அவர் வாங்கவில்லை.

"எனக்கு இது வேண்டாம். மூணு ஞாயிறாழ்ச்சைக்கு முன்ன நான் குடிச்சேன். எனக்க பிள்ளைய சாயாக்கடையில இருத்திட்டுப் போய்க் குடிச்சேன்."

எனக்குப் பதறிவிட்டது. பெஞ்சில் ஏறி நின்றேன். "இல்ல! அப்பா குடிக்கல்ல. நான்தான கூட இருந்தேன்!"

வேலிக்கு ஓணான் சாட்சி. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் பிறகு எங்கும் பார்த்ததில்லை.

"அப்பம் இருபத்தோரு நாளு," என்றார் அந்த மாமா. "அதுவும் நாளுதான்." எல்லோரும் கை தட்டினார்கள். தோற்றவனுக்கு எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அப்பா மெதுவாகச் சொன்னார். "இனி அம்மைக்கிட்ட நீ ஒண்ணும் சொல்லாண்டாம் மக்கா."

இன்னொரு ரகசியம். சரி என்று தலையாட்டினேன். அவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வருமா?

அம்மா முற்றத்தில் நின்றாள். "நேரா போனியளா?"

"நேரா போனோம், நேரா வந்தோம்."

அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பிள்ளைகிட்ட கேக்காதட்டி. என்கிட்ட கேளு." நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

அம்மா கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் படியில் உட்கார்ந்தாள். முந்திரிக்கொட்டையின் காரப் பால் பட்டுத் தோல் உரிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத் தெரியும். அண்ணைக்கே மணம் அடிச்சு," என்றாள். கொஞ்சம் கழித்து, "சோறு திங்க வாங்க," என்று எழுந்து போனாள். நான் இரண்டு நாள் அப்பாவிடம் பேசவில்லை. இத்தனை பாடுபட்டு மறைத்ததை ஒரு நிமிடத்தில் கொட்டிவிட்டாரே!

அப்பா அதன் பிறகும் இரண்டு தடவை ஒன்றிலிருந்து எண்ண வேண்டியிருந்தது. அதை நான் பின்னால்தான் அறிந்தேன். அந்த நாளுக்குப் பிறகு வீட்டில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அந்தத் தொண்ணூறாவது நாளுக்கு அடுத்த ஞாயிறு நான் தலை சீவி, பூப்போட்ட கவுன் போட்டு வாசலில் நின்றேன். அப்பா என் தலையைத் தடவிவிட்டுத் தனியாக இறங்கிப் போனார். ஓடிப்போய்க் கையைப் பிடிக்கப் பார்த்தேன். அம்மா என்னை இழுத்து நிறுத்தினாள்.

"நீ போகாண்டாம் மக்கா. போ, போய் விளையாடு."

பொய் சொன்னதற்குத் தண்டனை கொடுக்கிறார்கள் என்று நினைத்து, அன்று சாயங்காலம் வரை அழுதேன்.