வாய் திறக்காத திரை

எக்ஸ்ரே அறைக்கு வந்த கணினியில் மவுஸ் கிடையாது. அன்றைய படங்களைத் தேதி போட்ட ஃபோல்டருக்கு மாற்ற, கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்ட வேண்டும். படம் எடுக்கும் அம்மா அதை ஐம்பத்தாறு வயதில் கற்றுக்கொண்டாள், வெளியூரில் இருக்கும் மகளிடம் போனில்.

"புது ஃபோல்டருக்கு mkdir தட்டி, இடம் விட்டு, தேதி போடும்மா. போட்டாச்சா?"

"போட்டேன்டி. வாயே திறக்க மாட்டேங்குது."

"சரியா செஞ்சா ஒண்ணும் சொல்லாதும்மா. தப்பு பண்ணினாதான் பேசும்."

இது என்ன திமிர் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. மூன்று வாரம் மகள் தினமும் பேசினாள். எல்லாம் கைக்குப் பழகியதும், "இனிமே நீயே சமாளிச்சுக்குவே" என்று பெருமையாகச் சொன்னாள். அதோடு அவளிடமிருந்து போன் வருவது நின்றது.

அடுத்த பத்து நாளும் அம்மா பேசியதெல்லாம் நோயாளிகளிடம்தான்: "மூச்சைப் பிடிங்க. விடுங்க."

பதினோராம் நாள், காலையில் உருவாக்கிய ஃபோல்டரையே வேண்டுமென்றே மறுபடி உருவாக்கும்படி கணினியில் தட்டினாள். அது ஏற்கெனவே இருக்கிறது என்று திரை உடனே பதில் சொன்னது. மகளைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா, தப்பு வந்துடுச்சா?"

"ஆமாண்டி, பெரிய தப்பு" என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்தாள். "சரி பண்ண ரொம்ப நேரம் ஆகும்போல."