முத்திரை மேல் வைத்த பொட்டு

பி.ஏ. இரண்டு வருஷம் பெங்களூரில் படித்து முடித்த கையோடு காஞ்சிபுரத்தில் என்னைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது வருஷத்தைப் பற்றி அப்பாவிடம் கேட்டால், அதுதான் கல்யாணம் ஆகிவிட்டதே என்றார், என்னமோ அதுவும் ஒரு டிகிரி மாதிரி. புகுந்த வீட்டில்தான் சரி என்றார்கள். மாமியார் ஒற்றை விரலை நீட்டினார். ஒரு வருஷம், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. பட்டுத்தறி ஓடும் வீடு, நூல் சுற்றிக் கொடுக்க ஆள் வேண்டாமா?

ஒரு வருஷத்தில் முடிய வேண்டுமானால், நான் அங்கே தேறியதை இங்கத்துப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ள வேண்டும். மாட்டேன் என்றால் முதல் வருஷத்திலிருந்து படிக்க வேண்டும், அதாவது படிப்பே கிடையாது. ஊர்க் கல்லூரியில் இடம் தயாராக இருந்தது. அசல் மார்க் பட்டியலைப் பட்டணத்துப் பல்கலைக்கழக ஆபீஸில் காட்டி அனுமதி வாங்கி வரச் சொன்னார்கள். அப்பா முணுமுணுத்துக்கொண்டே பெங்களூரில் நடையாய் நடந்து அந்தக் காகிதத்தை வாங்கி அனுப்பினார்.

எங்கள் வீட்டில் எது புதிதாக வந்தாலும் மஞ்சள் குங்குமம் வைக்காமல் தொடமாட்டார்கள். தறியில் புதுப் பாவு ஏற்றினால் வைப்பார்கள். சைக்கிளுக்கு வைத்தார்கள். கல்யாணமாகி வந்து இறங்கியபோது எனக்கும் வைத்தார்கள். மார்க் பட்டியலை மட்டும் ஏன் விட வேண்டும் என்று மாமனாருக்குத் தோன்றிவிட்டது. நான் குளிக்கப் போன நேரம் பார்த்து அதை எடுத்து, நாலு மூலையிலும் மஞ்சளைக் குழைத்துத் தடவி, கோயிலுக்குக் கொண்டுபோய் அம்மன் பாதத்தில் வைத்து வாங்கி வந்துவிட்டார். மஞ்சளோடு விட்டிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். கீழே ஊதா மையில் வட்டமாகப் பல்கலைக்கழக முத்திரை இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து, அதன் நடுவில் ஈரக் குங்குமத்தை அப்பியிருந்தார். ஊதாவும் சிவப்பும் இழுவிக்கொண்டு, கத்தரிக்காய் நசுங்கிய மாதிரி ஒரு கண்றாவி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமனாராயிற்றே, வாயைத் திறக்க முடியுமா? எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று அவர் வேறு சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பட்டணத்துக்கு அவரேதான் துணைக்கு வந்தார். அதிகாரி காகிதத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். இதென்ன என்று கேட்டார். எந்த அம்மன், என்ன பூஜை என்று மாமனார் பக்தியோடு எடுத்துச் சொன்னார். அதிகாரி உடனே எழுந்து செருப்பைக் கழற்றினார். காய்ந்திருந்த குங்குமத்தை விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்தார். முத்திரை தெரியவில்லை, செல்லாது என்றார். மாதக் கடைசிக்குள் முத்திரை வைத்த வேறு நகல் கொண்டுவராவிட்டால் முதல் வருஷம்தானாம். அருளை மட்டும் ஒற்றிக்கொண்டு ஆளைத் துரத்துகிறவனை என்ன சொல்வது?

திரும்பும் பஸ்ஸில் மாமனார் காகிதத்தை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். மூக்கைச் சிந்தியது அவருக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சிந்தினேன்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மாமியார் என் படிப்புக்கு மங்களம் பாடிவிடுவார் என்றே நினைத்தேன். ஒரு வருஷப் பேச்சு மூன்று வருஷமாகிவிட்டதே. அவர் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் மாமனாரைப் பார்த்தார்.

"படிச்சது அந்தப் பொண்ணு. அழிச்சது நம்ம ஊட்டுக் குங்குமம். அதுக்கு அவ ஏன் மொதல்லேர்ந்து படிக்கணும்? நீங்களே பெங்களூருக்குப் போயி வேற வாங்கிக்கினு வாங்க."

மாமனார் போனார். கன்னடத்தில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. நூல் வியாபாரிகளிடம் பழகிய தெலுங்கை வைத்துக்கொண்டு, என் அப்பாவையும் இழுத்துப்போய் அங்கத்துப் பல்கலைக்கழக ஆபீஸ் வாசலே கதி என்று கிடந்திருக்கிறார். புது நகலைப் பட்டுப்புடவை வைக்கும் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தார். வாசலில் மாமியார் பழக்க தோஷத்தில் குங்குமச் சிமிழோடு வந்து நின்றார். மாமனார் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரெண்டடி பின்வாங்கினார். "கிட்ட வராதம்மா," என்றார்.

அதே அதிகாரி இந்த முறை செருப்பைக் கழற்றவில்லை. முத்திரையைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், என் இரண்டு வருஷமும் கணக்கில் ஏறிவிட்டது. செல்லாத பட்டியலுக்கு மாமியார் கண்ணாடிச் சட்டம் போட்டு சாமி படங்களுக்கு நடுவில் மாட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கும் கற்பூரம் காட்டினார். நான் இங்கிலீஷில் வாங்கிய சுமாரான மார்க்குக்கு அந்த மரியாதை கொஞ்சம் அதிகம்தான்.

அடுத்த வருஷம் பி.ஏ. தேறினேன். புது மார்க் பட்டியல் வந்த அன்று மாமியார் குங்குமச் சிமிழைத் திறந்துகொண்டே என்னிடம் வந்தார். பட்டியலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

"அதுக்கில்லமா, உனக்கு," என்றார்.

நான் நெற்றியைக் காட்டினேன்.