பக்கத்து வீட்டு மான்

சனிக்கிழமைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஆசைக்குத் தையல் பழக்குகிறேன். என் மகள் மட்டும் என்னிடம் ஊசியைத் தொடமாட்டாள்.

இன்று வகுப்பு நடக்கும்போது, பக்கத்து வீட்டு மேரியிடம் பழகித் தைத்த பையோடு வந்தாள். அதில் நம்மூர்க் கடற்கரையில் திரிகிற மான் ஒன்று, புள்ளிகளோடு.

"அம்மா, நூலைப் பல்லால கடிக்கக் கூடாதாம். மேரி அன்ரி சொன்னவ."

அப்போதும் என் பல்லிடுக்கில் நூல்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வகுப்பில் இருந்த மேரியின் மகளோ என்னிடம் தையல் பழகுகிறவள். "ஏன் பிள்ளை, நீங்கள் அம்மாட்டப் பழகேல்லை?" என்று அவளைக் கேட்டேன்.

"அம்மாட்ட ஏலாது அன்ரி. ஏசுவா."

அலுமாரியில் பொத்தி வைத்திருந்த பட்டுத் துண்டை எடுத்து அவளிடமே கொடுத்தேன்.

"மான் என்ன மான்! இதில துறைமுகக் கப்பல் ஒண்டு வடிவாத் தையுங்கோ. கொண்டுபோய் அம்மாவுக்குக் காட்டுங்கோ."

அந்த வீட்டிலும் கொஞ்சம் எரியட்டுமே. பிழையா, சொல்லுங்கள்?